உணவு அட்டையும் பச்சிளங்குழந்தையின் தேவைகளும்: அமெரிக்க உதவித் திட்டங்கள் வரையும் ஓர் எல்லைக்கோடு

வறியவருக்கு உணவளிப்பது அரசின் கடமை என்னும் கருத்தைக் கொள்கையளவில் மறுப்போர் இன்று மிகச் சிலரே. ஆனால், உணவு என்று நாம் எதைக் கருதுகிறோம், உணவுக்கு அப்பாலுள்ள இன்றியமையாத் தேவைகளை யார் நிறைவேற்றுவது என்னும் வினாக்களை எழுப்பியவுடன் கருத்தொற்றுமை கலைந்துவிடுகிறது. இவ்வினாக்கள் மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம், பிறந்து சில மாதங்களே ஆன குழந்தையுள்ள ஏழைக் குடும்பம். பெரியவர்களுக்கு உணவையும் உணவல்லாதவற்றையும் பிரித்துக் கணக்கிட முடியும். பச்சிளங்குழந்தைக்கோ பாலும், அது அணியும் துணியும், உடலைத் தூய்மையாக வைத்திருக்கும் பொருள்களும் ஒரே தேவையின் பல கூறுகள். இந்த உண்மையைச் சட்டம் எவ்வாறு கையாள்கிறது என்பதை ஐக்கிய அமெரிக்காவின் உணவு உதவித் திட்டங்களைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம். செல்வ வளத்தில் முன்னிற்கும் ஒரு நாட்டின் அனுபவம் என்பதால், உதவித் திட்டங்களை வகுக்கும் எவருக்கும் இதில் படிப்பினைகள் உண்டு.

உணவு முத்திரையின் தோற்றம்

அமெரிக்காவில் 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் விசித்திரமானதொரு காட்சியை உருவாக்கியது. ஒருபுறம் விளைபொருளை வாங்குவாரின்றி விவசாயிகள் தவித்தனர். மறுபுறம் நகரங்களில் வேலையிழந்தோர் பசியால் வாடினர். இவ்விரு துன்பங்களையும் ஒருசேரத் தீர்க்கும் முயற்சியாக, 1939 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் உணவு முத்திரைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒருவர் ஒரு டாலர் கொடுத்து ஆரஞ்சு நிற முத்திரைகளை வாங்கினால், ஐம்பது சென்ட் மதிப்புள்ள நீல நிற முத்திரைகள் அவருக்கு இலவசமாகக் கிடைத்தன. நீல முத்திரையைக் கொண்டு, மிகையாக விளைந்தவை என்று அரசு அறிவித்த பொருள்களை மட்டுமே வாங்க இயலும். போர்க்காலத்தில் மிகை விளைச்சலும் வேலையின்மையும் குறைந்தபோது, 1943இல் இத்திட்டம் கைவிடப்பட்டது.

அதிபர் கென்னடி 1961இல் இதனைச் சோதனை முறையில் மீண்டும் தொடங்கினார். அதிபர் ஜான்சன் 1964 ஆகஸ்ட் 31 அன்று உணவு முத்திரைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். இத்திட்டமே 2008இல் ‘ஸ்நாப்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. காகித முத்திரைகளின் இடத்தை, வங்கி அட்டையைப் போன்ற ‘இ.பி.டி.’ எனப்படும் மின்னணு அட்டை 2004ஆம் ஆண்டுக்குள் நாடு முழுவதும் பிடித்துக்கொண்டது. 2024 நிதியாண்டில் மாதந்தோறும் சராசரியாக 4 கோடியே 17 இலட்சம் பேர் இதனால் பயனடைந்தனர். அது அந்நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ 12 விழுக்காடு.

இவ்வரலாற்றில் ஒரு செய்தியை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். இத்திட்டம் தொடக்கம் முதல் வேளாண்மைத் துறையின் பொறுப்பில் இருந்து வருகிறது. அதற்கான சட்டத் திருத்தங்கள் பெரும்பாலும் விவசாயச் சட்டத் தொகுப்புகளின் ஒரு பகுதியாகவே நிறைவேறுகின்றன. விளைபொருளுக்குச் சந்தை தேடுவதும் ஏழையின் பசியைத் தீர்ப்பதும் இத்திட்டத்தின் இரு தாய்வேர்கள். ‘உணவு மட்டுமே’ என்னும் வரம்பு பின்னாளில் எவரோ சேர்த்த நிபந்தனையன்று. திட்டத்தின் பிறப்பிலேயே அமைந்தது.

சட்டம் உணவு என்று எதைக் கருதுகிறது?

வீட்டில் உண்பதற்குரிய எந்த உணவுப் பொருளையும் ஸ்நாப் அட்டையால் வாங்கலாம் என்பது பொது விதி. உணவு விளைவிக்கும் விதைகளுக்கும் செடிகளுக்கும்கூட அனுமதி உண்டு. மது, புகையிலை, உடனே உண்ணத்தக்க சூடான உணவு ஆகியவை விலக்கப்பட்டவை. சோப்பு, காகிதப் பொருள்கள், மருந்து, வைட்டமின் மாத்திரை, வீட்டு உபயோகப் பொருள்கள், வளர்ப்புப் பிராணிகளின் தீனி ஆகியன உணவல்ல என்னும் பட்டியலில் அடங்குகின்றன.

பச்சிளங்குழந்தையுள்ள வீட்டின் தேவைகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். குழந்தைக்கான பால்மாவு உணவு. எனவே அனுமதி உண்டு. புட்டியில் அடைத்த பழக்கூழும் தானிய மாவும் அவ்வாறே. ஆனால் அப்பாலைப் புகட்டும் புட்டி உணவன்று. டயப்பர், ஈரத்துடைப்பான், குழந்தைச் சோப்பு, சொறிக்குப் பூசும் களிம்பு, காய்ச்சல் மருந்து எதுவும் உணவன்று. கடையின் கல்லாவில் தாய் தன் கூடையை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பங்குக்கு அட்டை செல்லும். மறு பங்குக்குக் கையில் ரொக்கம் வேண்டும். ரொக்கம் போதாவிடில், அவர் திருப்பி வைக்கும் பொருள் டயப்பராகவே இருக்கும். ஏனெனில், அட்டையில் எவ்வளவு தொகை எஞ்சியிருந்தாலும் அது டயப்பருக்குப் பயன்படாது.

தொகையின் அளவையும் காண்போம். ஒரு குடும்பத்தின் நிகர வருமானத்தில் 30 விழுக்காடு உணவுக்குச் செலவாகும் என்று சட்டம் கருதுகிறது. குடும்பத்தின் எண்ணிக்கைக்கு உரிய உச்ச வரம்பிலிருந்து அத்தொகையைக் கழித்தால் எஞ்சுவதே உதவித்தொகை. 2025 நிதியாண்டில் மூவர் அடங்கிய குடும்பத்துக்கு உச்ச வரம்பு மாதம் 768 டாலர். உரிய கழிவுகள் போக அக்குடும்பத்தின் நிகர வருமானம் 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 300 டாலரைக் கழித்தால் உதவித்தொகை 468 டாலர். அதாவது, ஆளொன்றுக்கு ஒரு நாளைக்கு ஐந்து டாலருக்குச் சற்று மேல். எஞ்சிய 1,000 டாலருக்குள் வாடகை, மின்சாரம், போக்குவரத்து அனைத்தும் அடங்கியாக வேண்டும். சட்டத்தின் கணக்குப்படி அதிலிருந்து 300 டாலரும் உணவுக்கே உரியது. டயப்பருக்கென்று இக்கணக்கில் ஒரு வரிகூட இல்லை.

தாய் சேய்களுக்கான தனித் திட்டம்

கருவுற்ற பெண்கள், அண்மையில் மகப்பேறு அடைந்தோர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கென 1972இல் சோதனை முறையில் உருவாக்கப்பட்டது ‘விக்’ என்னும் திட்டம். கென்டக்கி மாநிலத்தின் பைன்வில்லில் 1974 ஜனவரியில் அதன் முதல் நிலையம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே திட்டம் நிரந்தரமாக்கப்பட்டது. வறுமைக்கோட்டு வருமானத்தின் 185 விழுக்காட்டுக்குள் இருப்போர் இதற்குத் தகுதி பெறுவர். ஸ்நாப் அல்லது மெடிக்கெய்ட் உதவி பெறுவோர் வருமானத்தைத் தனியே மெய்ப்பிக்க வேண்டியதில்லை. 2024இல் மாதந்தோறும் ஏறத்தாழ 67 இலட்சம் பேர் இதனால் பயனுற்றனர். அந்நாட்டில் பிறந்த குழந்தைகளுள் ஐந்தில் இரண்டு இதன் நிழலில் வளர்ந்தன.

ஸ்நாபுக்கும் விக்குக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. ஸ்நாப் ஒரு தொகையைக் கொடுத்து, உணவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குடும்பத்திடம் விடுகிறது. விக் குறிப்பிட்ட பொருளைக் குறிப்பிட்ட அளவில், பெரும்பாலும் குறிப்பிட்ட நிறுவனத் தயாரிப்பாகவே வழங்குகிறது. பால், முட்டை, தானியம், பருப்பு, காய்கனி, பால்மாவு ஆகியன அதன் பட்டியலில் உள்ளன. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தானிய மாவும் பழக்கூழும் சேர்க்கப்படுகின்றன. டப்பாவின் அளவு சிறிது மாறினாலும் கல்லா இயந்திரம் ஏற்காது. இவற்றோடு ஊட்டச்சத்து ஆலோசனையும் தாய்ப்பால் புகட்டுவதற்கான வழிகாட்டலும் கிடைப்பது இத்திட்டத்தின் சிறப்பு. ஆயினும், குழந்தைகளுக்கென்றே அமைந்த இத்திட்டத்திலும் டயப்பருக்கு இடமில்லை. பெயரளவிலேயே இதுவொரு துணை உணவுத் திட்டம். குழந்தையின் முழுத் தேவையையும் நிறைவு செய்வதாக அது சொல்லிக்கொள்வதுமில்லை.

பால்மாவுச் சந்தையும் 2022இன் நெருக்கடியும்

அமெரிக்காவில் விற்பனையாகும் பால்மாவில் பாதிக்கு மேல் விக் திட்டத்தின் வழியே செல்கிறது. இதனால் அரசு பேரம் பேசும் வலிமை பெறுகிறது. 1989ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களைச் செலவுக் கட்டுப்பாட்டுக்குப் பணித்தது. அதன்படி ஒவ்வொரு மாநிலமும் ஏலமுறையில் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அந்நிறுவனம் விற்ற ஒவ்வொரு டப்பாவுக்கும் விலையின் பெரும்பகுதியை மாநிலத்துக்குத் திருப்பித் தருகிறது. மிச்சமாகும் பணத்தால் மேலும் பல இலட்சம் பேருக்கு உதவ முடிகிறது. பொது நிதியைச் சிக்கனமாகக் கையாளும் வழி என்ற முறையில் இது பாராட்டத்தக்கது.

ஆனால் சிக்கனத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை 2022 உணர்த்தியது. அவ்வாண்டு பிப்ரவரியில் அபாட் நிறுவனம் தன் தயாரிப்புகள் சிலவற்றைத் திரும்பப் பெற்றது. மிச்சிகன் மாநிலத்தின் ஸ்டர்ஜிஸ் நகரிலிருந்த அதன் பெரிய ஆலை மூடப்பட்டது. சில குழந்தைகளைத் தாக்கிய குரோனோபாக்டர் என்னும் நுண்ணுயிர் குறித்த ஐயமே காரணம். பல மாநிலங்களில் விக் ஒப்பந்தம் அந்நிறுவனத்திடமே இருந்தது. வசதி படைத்த தாய் வேறு நிறுவனத்தின் டப்பாவை வாங்கிக்கொள்ளலாம். விக் அட்டையை நம்பியிருந்த தாயோ, விதிவிலக்கு வரும் வரை அட்டையில் குறித்ததை மட்டுமே தேடி அலைய நேர்ந்தது. இராணுவ விமானத்தில் ஐரோப்பாவிலிருந்து பால்மாவு வரவழைக்கப்பட்ட நிலையையும் உலகம் கண்டது. நெருக்கடிக் காலங்களில் இவ்விதிகளைத் தளர்த்த வகைசெய்யும் சட்டம் அதே ஆண்டு மே 21 அன்று நடைமுறைக்கு வந்தது.

பால்மாவு குறைவுபடும்போது, இருப்பதை நீட்டிக்க எண்ணி அதிகத் தண்ணீர் கலக்கும் தாய்மார் உண்டு. இது அறியாமையால் மட்டும் நிகழ்வதன்று. வேறு வழி தெரியாமையாலும் நிகழ்கிறது. இவ்வாறு நீர்த்த பால் குழந்தையின் இரத்தத்திலுள்ள உப்பின் அளவைக் குறைத்து, வலிப்பு வரை கொண்டு செல்லக்கூடும் என்பது மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் விடுக்கும் எச்சரிக்கை.

டயப்பர்: ஆடம்பரமா, அவசியமா?

நம்மவர் பலருக்கு இங்கே ஓர் ஐயம் எழலாம். பழைய வேட்டியையும் சேலையையும் கிழித்து, துவைத்து உலர்த்திக் கட்டிவிட்டே தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் வளர்ந்தனவே; டயப்பரை எவ்வாறு இன்றியமையாப் பொருள் என்பது? இவ்வினா அமெரிக்க மக்களிடையேயும் எழுந்ததுதான். அதற்கான விடை அங்குள்ள ஏழையின் வாழ்க்கை அமைப்பில் இருக்கிறது. வாடகைக் குடியிருப்பில் துவைக்கும் இயந்திரம் இராது. துணி உலர்த்தத் திறந்த முற்றமும் இராது. பொதுச் சலவையகங்கள் பலவற்றில் மலம்பட்ட துணியைத் துவைக்க அனுமதியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைக் காப்பகங்களுள் பெரும்பாலானவை ஒருமுறை பயன்படுத்தி எறியும் டயப்பரை அன்றாடம் பெற்றோர் கொண்டுவர வேண்டும் என்கின்றன. டயப்பர் இல்லையெனில் காப்பகம் இல்லை. காப்பகம் இல்லையெனில் வேலை இல்லை. வேலை இல்லையெனில் டயப்பர் வாங்கப் பணமில்லை. இவ்வாறு ஒரு சிறு பொருள் குடும்பத்தின் பிழைப்பையே தடுத்து நிறுத்திவிடுகிறது.

பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு டயப்பர்களும், சற்று வளர்ந்தபின் ஆறு முதல் எட்டு வரையும் தேவைப்படும். மாதச் செலவு 80 முதல் 100 டாலர் வரை ஆகுமென்பது பொதுவான மதிப்பீடு. 2009 ஜூலை முதல் மாறாதிருக்கும் கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். அதன்படி 80 டாலர் ஈட்ட ஒருவர் பதினொரு மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதும் ஏழைக்கு உதவாத உண்மை. பெரிய பொதி வாங்கப் பணமும், அதனைச் சுமந்துவர வாகனமும் இல்லாதவர், அருகிலுள்ள சிறு கடையில் சிறு பொதியையே கூடுதல் விலைக்கு வாங்குகிறார்.

இக்குறையின் அளவை முதன்முதலாக ஆய்வு முறையில் அளந்து, ‘பீடியாட்ரிக்ஸ்’ என்னும் மருத்துவ இதழில் 2013இல் ஒரு கட்டுரை வெளியானது. நியூ ஹேவன் நகரில் 877 பெண்களிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் போதிய டயப்பர் வாங்க இயலாத நிலையைத் தெரிவித்தனர். டயப்பர்ப் பற்றாக்குறைக்கும் தாய்மாரின் மனநலக் குறைவுக்கும் தொடர்பு இருப்பதையும் அது சுட்டியது. ஈரமான டயப்பரை நெடுநேரம் மாற்றாது விட்டால் தோல் புண்ணாகும். சிறுநீர்த் தொற்றும் வரக்கூடும். குழந்தை ஓயாது அழும். அதனைத் தேற்ற வழியறியாத தாய், தான் தகுதியற்ற தாய் என்று எண்ணத் தலைப்படுவாள். பசியைப் பற்றிப் பேசும் சமூகம் இவ்வேதனையைப் பற்றிப் பேசுவதில்லை. எனவே அது வெட்கத்தோடு மறைக்கப்படும் வறுமையாகிவிடுகிறது.

சட்டத்தின் காலத்தையும் நாம் கருத வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் டயப்பர் வகையைப் புகழ்பெறச் செய்த ‘பேம்பர்ஸ்’ 1961இல்தான் சந்தைக்கு வந்தது. 1964இல் உணவு முத்திரைச் சட்டம் இயற்றப்பட்டபோது பெரும்பாலான வீடுகளில் துணியே வழக்கத்திலிருந்தது. வாழ்க்கை மாறியது, சட்டத்தின் சொற்பொருள் மாறவில்லை.

‘உணவு மட்டுமே’ என்பதன் நியாயமும் குறையும்

வரம்பை ஆதரிப்போரின் வாதங்களைப் புறந்தள்ளிவிட இயலாது. முதலாவது, உணவுக்கென ஒதுக்கிய நிதி பிறவற்றுக்குத் திறந்துவிடப்பட்டால், குடும்பத்தின் நெருக்கடிகள் அதனை விழுங்கிவிடும்; மாத இறுதியில் பசியே எஞ்சும். இரண்டாவது, உணவு என்னும் ஒரே நோக்கத்தை முன்வைப்பதாலேயே இத்திட்டம் விவசாய மாநிலங்களின் ஆதரவையும் நகர்ப்புற உறுப்பினர்களின் ஆதரவையும் ஒருங்கே பெற்று நிலைத்து நிற்கிறது. மூன்றாவது, தொகையை உயர்த்தாமல் பொருள்களை மட்டும் கூட்டினால் தாயின் வாங்கும் வலிமை கூடிவிடாது. டயப்பருக்குப் போகும் ஒவ்வொரு டாலரும் சோற்றிலிருந்தே குறையும்.

இம்மூன்றிலும் உண்மை உண்டு. எனினும், ரொக்க உதவி என்னும் மற்றொரு தூண் உறுதியாக நிற்கும்போதுதான் இவ்வாதங்கள் முழுமை பெறும். உணவுக்கு அட்டை, பிற தேவைக்கு ரொக்கம் என்பதே பழைய ஏற்பாடு. 1996ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் பழைய ரொக்க உதவித் திட்டத்தை நீக்கி, கால வரம்பும் வேலை நிபந்தனையும் கொண்ட ‘டானஃப்’ திட்டத்தை ஏற்படுத்தியது. அவ்வாண்டில் வறுமையிலிருந்த குழந்தையுள்ள குடும்பங்கள் நூற்றுக்கு 68 என்னும் விகிதத்தில் ரொக்க உதவி பெற்றன; 2020இல் அவ்விகிதம் 21 ஆகச் சுருங்கியது. ஒரு தூண் மெலிந்துபோக, பாரம் முழுவதும் உணவு அட்டையின்மீது விழுந்தது. அதன் விதிகளோ முன்பு இருந்தபடியே இருந்தன.

இந்நிலையில் சில தாய்மார் அட்டையிலுள்ள தொகையைக் குறைந்த விலைக்கு ரொக்கமாக மாற்றிக்கொள்ள முனைவதுண்டு. சட்டத்தின் பார்வையில் இது உணவு உதவியை விற்கும் குற்றம். 500 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட தொகைக்கு இக்குற்றம் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டால், அவர் நிரந்தரமாகத் தகுதியிழப்பார். மோசடியைத் தண்டிப்பது முறையே. ஆனால் குழந்தையின் துணிக்காகத் தன் உணவை விற்பவரும், இலாபத்துக்காக அட்டைகளை வாங்கிக் குவிப்பவரும் ஒரே பெயரால் அழைக்கப்படுவது சிந்தனைக்குரியது.

விதிகளும் தாயின் தேர்வும்: வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்வு

குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகையின் வரலாற்றில் முற்பட்ட நிகழ்வொன்று இப்பொருளோடு நேரடித் தொடர்புடையது. இப்னு ஸஅத் தமது ‘தபகாத்’ நூலில் அதனைப் பதிவு செய்துள்ளார். கலீஃபா உமர் (ரலி) அவர்கள், மதீனாவின் புறத்தே தங்கியிருந்த வணிகக் கூட்டத்துக்கு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுடன் இரவுக் காவல் இருந்தார்கள். அப்போது ஒரு குழந்தை விடாது அழுவதைக் கேட்டார்கள். இருமுறை சென்று சொல்லியும் அழுகை ஓயவில்லை. மூன்றாம் முறை வினவியபோது, தம்மிடம் பேசுபவர் யாரென்று அறியாத அத்தாய், தாம் குழந்தையைப் பால்மறக்கச் செய்ய முயல்வதாகக் கூறினார். பால்குடி மறந்த குழந்தைக்கு மட்டுமே உமர் உதவித்தொகை வழங்குகிறார் என்பதே அவர் சொன்ன காரணம். அன்றைய வைகறைத் தொழுகையில் ஓதியது மக்களுக்குத் தெளிவாகக் கேட்காத அளவுக்குக் கலீஃபா அழுதார்கள் என்பது அவ்வறிவிப்பு. பின்னர், பால்மறக்கச் செய்வதில் அவசரப்பட வேண்டாம். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என முரசறைவித்து, எல்லா மாகாணங்களுக்கும் ஆணை அனுப்பினார்கள்.

இந்நிகழ்வை ஆட்சியாளரின் இரக்கத்துக்குச் சான்றாகவே நாம் பெரிதும் எடுத்துரைக்கிறோம். அதில் அடங்கியுள்ள நிர்வாக நுட்பமும் அதற்கிணையான மதிப்புடையது. முதல் விதி தீய நோக்கில் இயற்றப்பட்டதன்று. பால்குடிக் குழந்தைக்குத் தனி உணவு தேவையில்லை என்னும் நேரிய தர்க்கமே அதன் அடிப்படை. எனினும், அந்தத் தர்க்கம் ஏழைத் தாயின் கையில் சென்றடைந்தபோது குழந்தைக்கே தீங்காக மாறியது. விதியின் நன்மை தீமையை, அதை வகுத்தவரின் எண்ணத்தைக் கொண்டு அளக்காமல், அது தாயை எதைச் செய்யத் தூண்டுகிறது என்பதைக் கொண்டு அளந்ததே அந்த ஆணையின் சிறப்பு.

விக் திட்டமும் இதையொத்த சிக்கலைச் சந்தித்தது. இலவசப் பால்மாவின் சந்தை மதிப்பு, தாய்ப்பால் புகட்டும் பெண்ணுக்குக் கிடைத்த உணவுப் பொதியின் மதிப்பை விடக் கூடுதலாக இருந்தது. தாய்ப்பாலைப் போற்றிய திட்டமே பால்மாவின் பக்கம் தாயைச் சாய்க்கிறது என்னும் விமர்சனம் எழுந்தது. 2009இல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், முழுமையாகத் தாய்ப்பால் புகட்டும் பெண்ணுக்கு மிகுதியான உணவை ஓராண்டுக் காலம் வழங்கின. தாய்ப்பால் புகட்டாதவருக்கு ஆறு மாதம் வரை மட்டுமே உணவுப் பொதி கிடைத்தது.

மாற்று முயற்சிகள்

உணவு அட்டையின் வரம்பை மாற்றாமல், அதற்கு வெளியே வழி தேடும் முயற்சிகள் பல நடந்துள்ளன. 2011இல் உருவான தேசிய டயப்பர் வங்கி வலையமைப்பு, நன்கொடையாகத் திரட்டிய டயப்பர்களை உள்ளூர் அமைப்புகளின் வாயிலாக விநியோகித்து வருகிறது. கலிஃபோர்னியா 2018 ஏப்ரல் முதல், வேலைப் பயிற்சியில் உள்ள உதவி பெறும் பெற்றோருக்கு மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்றுக்கு மாதம் 30 டாலர் டயப்பர்த் தொகையை வழங்கத் தொடங்கியது. டெக்சாஸ் 2023 செப்டம்பரில் டயப்பர் மீதான விற்பனை வரியை நீக்கியது. டென்னசி 2024 ஆகஸ்டில், மருத்துவ உதவித் திட்டத்திலுள்ள இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மாதம் 100 டயப்பர் வழங்கலாயிற்று. டயப்பரை உடல்நலப் பொருளாக ஏற்றது இதிலுள்ள குறிப்பிடத்தக்க மாற்றம். உணவுத் திட்டம் மூடிய கதவை மருத்துவத் திட்டம் திறந்துவிட்டது.

மற்றொரு வழி, நேரடி ரொக்கம். 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்றுக்கு மாதம் 300 டாலர் வரை குழந்தை வரிச் சலுகை முன்பணமாகப் பெற்றோருக்கு அனுப்பப்பட்டது. துணை வறுமை அளவீட்டின்படி குழந்தைகளின் வறுமை விகிதம் அவ்வாண்டு 5.2 விழுக்காடாகக் குறைந்தது. விரிவாக்கம் முடிவுற்ற மறு ஆண்டில் 12.4 ஆக உயர்ந்தது. மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரில் 2024 ஜனவரியில் தொடங்கிய ஒரு திட்டம், கருவுற்ற காலத்தில் 1,500 டாலரும் குழந்தையின் முதல் ஆண்டில் மாதம் 500 டாலரும் வழங்கியது. வருமானச் சான்று கேட்கவில்லை. பொருளாகவே தர வேண்டும் என்போருக்கு ஃபின்லாந்து 1938 முதல் காட்டிவரும் முன்மாதிரி உண்டு. குழந்தை உடைகளும் படுக்கையும் பராமரிப்புப் பொருள்களும் அடங்கிய பெட்டி அங்கு முதலில் ஏழைத் தாய்மாருக்கும், 1949 முதல் அனைவருக்கும் கிடைக்கலாயிற்று. உரிய காலத்தில் மருத்துவப் பரிசோதனைக்குச் செல்வதே அதற்கான நிபந்தனை.

2025இன் மாற்றங்கள்

அண்மைக் காலப் போக்கு வரம்பைத் தளர்த்தும் திசையில் செல்லவில்லை. 2026 முதல் குளிர்பானம் போன்றவற்றை ஸ்நாப் அட்டையால் வாங்கத் தடை விதிக்கப் பல மாநிலங்கள் 2025இல் அனுமதி பெற்றன. அவ்வாண்டு ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், அகதிகளாகவும் தஞ்சம் பெற்றோராகவும் சட்டப்படி குடியேறியவர்களுக்கு அந்நிலையிலேயே இருந்த ஸ்நாப் தகுதியை நீக்கியது. ஆப்கானிஸ்தான், சிரியா, சோமாலியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களும் இதில் அடங்கும். அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தை குடிமகனாதலால் உதவி பெறும். நிரந்தரக் குடியிருப்பு உரிமை இன்னும் பெறாத அதன் அகதித் தாய் பெறமாட்டார். ஒரே அடுப்பில் சமைக்கப்படும் உணவில் ஒருவர் பங்கு மட்டும் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. விக் திட்டம் குடியுரிமை நிலையை நிபந்தனையாக்குவதில்லை என்பது இத்தகையோருக்கு எஞ்சியுள்ள ஆறுதல்.

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை கூட்டரசின் பணிகள் முடங்கியபோது, நவம்பர் மாத ஸ்நாப் தொகை உரிய நாளில் வழங்கப்படாமல் நீதிமன்றங்கள் வரை வழக்கு சென்றது. பெரியவர்கள் ஒரு வேளையைத் தள்ளிப்போடலாம். மூன்று மணி நேரத்துக்கொருமுறை பால் கேட்கும் குழந்தைக்குத் தீர்ப்பு வரும் வரை காத்திருக்கத் தெரியாது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து இரு கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம். உதவியை உணவு, மருத்துவம், வீட்டுவசதி எனத் துறைவாரியாகப் பிரிப்பது நிர்வாகத்துக்கு இன்றியமையாதது. ஆனால் ஒவ்வொரு துறையும் தன் எல்லையைச் சரியாகவே காத்து நிற்கும்போது, எந்தத் துறைக்கும் உரியதல்லாத தேவையொன்று இடைவெளியில் விழுந்துவிடக்கூடும். அமெரிக்காவில் டயப்பருக்கு நேர்ந்தது இதுவே. இதில் எந்த அலுவலரும் விதியை மீறவில்லை. விதிகள் முறையாகப் பின்பற்றப்பட்டதாலேயே குறை நேர்ந்தது. அந்த இடைவெளி திட்டத்தை வகுக்கும் மேசையில் புலப்படுவதில்லை. கடையின் கல்லாவில் நிற்கும் தாய்க்குத்தான் முதலில் புலப்படுகிறது. ஆகவே, அவரிடம் கேட்டறியும் ஏற்பாடு திட்டத்தின் உள்ளேயே அமைந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பொருளா ரொக்கமா என்னும் விவாதத்தின் அடியில், ஏழையை நம்பலாமா என்னும் வினா மறைந்திருக்கிறது. தன் குழந்தைக்கு இன்று தேவைப்படுவது பாலா துணியா என்பதைத் தாயைவிட நன்கு அறிந்த அதிகாரி எந்நாட்டிலும் இல்லை. முறைகேடு செய்யும் சிலரைத் தடுக்க வரையும் கோடு, நேர்மையான பலரின் கையைக் கட்டுகிறதா என்பதைக் காலந்தோறும் சோதித்துப் பார்ப்பது அரசுக்கு மட்டுமன்று, அறப்பணி செய்யும் ஒவ்வோர் அமைப்புக்கும் உரிய கடமையாகும்.